வெளியே வராத அம்பு

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஒரு கிளினிக்கிற்குப் புதிய கணினி முறை அமைக்கப் போயிருந்தேன். எந்தத் தகவல் எங்கிருந்து எங்கே போகிறது என்று அம்புக்குறிகளால் காட்டும் தரவோட்ட வரைபடத்தை வரவேற்பு முகப்பு மேசையருகே உட்கார்ந்து வரைந்தேன்.

நோயாளிக்கு ஒத்துக்கொள்ளாத மருந்தின் பெயர் முகப்பிலிருந்து கணினிக்குள் போனது. அங்கிருந்து டாக்டருக்கு ஓர் அம்பும் போகவில்லை.

முகப்பில் இருந்த வசந்தி அக்காவிடம் கேட்டேன். “டாக்டர் இதை எந்த ஸ்கிரீன்ல பார்ப்பாரு?”

“ஸ்கிரீனா? இங்கேருந்தே கத்துவேன் லா. என் குரல் தேக்கா மார்க்கெட் வரைக்கும் கேக்கும்!”

டாக்டர் அறைக்குப் போன வாரம்தான் கண்ணாடிக் கதவு போட்டிருந்தார்கள். உள்ளே அவர் உதடுகள் அசைந்தன; சத்தம் வரவில்லை.

அக்காவும் அதைப் பார்த்தார். “உள்ள இருக்கிற அண்ணனுக்குப் பெனிசிலின் ஆகாது. இப்பதான் கத்தினேன்…”

நான் கதவைத் தள்ளியபோது டாக்டர் கையில் ஊசி இருந்தது. அதே மருந்து. “இவருக்குப் பெனிசிலின் ஆகாதாம்!” என்றதும் அவர் அதைக் கீழே வைத்தார்.

பிறகு, கதவு போட்டபின் வந்துபோனவர்களுக்கு அக்கா ஒவ்வொருவராகப் போன் செய்தார். ஒவ்வொரு முறையும் மறுமுனையில் ஒரு குரல் கேட்கும்வரை ஸ்பீக்கரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இன்றும் வரைபடத்தில் அம்பு வெளியே வராத பெட்டியைப் பார்த்தால், யாரும் எடுக்காமல் அடிக்கும் அந்த மணிதான் எனக்குக் கேட்கிறது.