வாடகை வாங்காத வள்ளல்

யோகராசா அங்கிளின் வீடு சிட்னியின் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து எட்டு நிமிட நடை. அவர் அதை ஐந்து நிமிடம் என்றுதான் சொல்வார். அந்த மூன்று நிமிடப் புளுகுக்கும் சேர்த்துத்தான் வாடகை.

கராஜை ஒட்டுப்பலகையால் இரண்டாக மறித்து, பக்கத்துக்கு ஒரு கட்டில், ஒரு கதிரை, ஒரு பல்ப் போட்டு, அதற்கு ‘ஸ்ரூடியோ’ என்று பெயரும் வைத்திருந்தார். இடப்பக்கத்து ஸ்ரூடியோவில் சுஜீதன் இரண்டு வருடமாக இருந்தான். பூநகரிக்கு அப்பால் ஒரு சின்ன ஊர் அவனுடையது. அங்கிளுக்கும் அதே ஊர்தான். அந்த ஒழுங்கையிலேயே முதன்முதல் பல்கலைக்கழகத்துக்குப் போனவன் சுஜீதன். இப்போது பரமட்டாவில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை. முப்பது மாடிக்கு எத்தனை லொறி கொங்கிறீற் பிடிக்கும் என்று பகலில் வெள்ளைக்காரனுக்குச் சொல்லிக்கொடுப்பவன், பின்னேரம் வந்து நாலு நிமிடத்தில் குளித்து முடிப்பான். ஐந்தாவது நிமிடம் அங்கிள் சுடுதண்ணீரை நிறுத்திவிடுவார்.

“கரண்ட் விக்கிற விலை தெரியுந்தானே தம்பி? ஊரிலை கிணத்திலை அள்ளிக் குளிச்ச ஆக்கள் நாங்கள்” என்பார், தன் குளியலறையின் ஆவி கதவிடுக்கால் வந்துகொண்டிருக்க.

சனிக்கிழமைகளில், சந்தை மூடுகிற நேரம் பார்த்து ஃபிளெமிங்ரனுக்குப் போவார். பெட்டி பெட்டியாகத் தக்காளி வரும். நல்லது அவருடைய ஃபிரிஜ்ஜுக்கு, நசிந்தது பெடியன்களுக்கு. “சும்மாதான் தாறன், பெற்றோல் காசு மட்டும் தாங்கோ.” அந்தப் பெற்றோல் காசில் அவருடைய பெரிய கார் மெல்பேர்ன் வரைக்கும் போய்த் திரும்பும்.

வாடகை கையில் காசாகத்தான். பாங்கில் போடக் கூடாது. ரசீது கேட்டால் அவருடைய முகம் சுருங்கிவிடும். “என்ன தம்பி, என்னிலை நம்பிக்கையில்லையோ?” வியாழன் மதியம் தவறாமல் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும். ‘தம்பி, இண்டைக்கு வியாழன்.’ அவ்வளவுதான். காசு என்றோ வாடகை என்றோ ஒரு சொல் அதில் இராது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் படித்த சுஜீதனுக்கே இந்த மூளை இல்லை.

ஆடி மாதம் அவனுடைய மனைவி மிருணாளினிக்கு விசா கிடைத்தது. கலியாணம் முடிந்து பதினாறு மாதம் வவுனியாவில் தாயோடு இருந்தவள். அவளை ஒட்டுப்பலகைக்குப் பின்னால் கொண்டுவந்து வைக்க அவன் தயாரில்லை. இரண்டு தெரு தள்ளி, மூன்றாம் மாடியில் ஒற்றை அறை யுனிற் ஒன்று பார்த்தான். குளிக்கும்போது யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். சம்பளத்துக்குள் மட்டுமட்டாக அடங்கும். ஆனால் வீட்டு ஏஜென்ற் ஒரு கடிதம் கேட்டாள். இரண்டு வருடமாக ஒழுங்காக வாடகை கட்டினவன் என்று வீட்டுக்காரர் எழுதித் தரவேண்டும். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்கமாட்டார்களாம்.

“கடிதமோ?” அங்கிள் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார். “நான் காசு வாங்கிறனெண்டு எழுத்திலை போடேலுமே தம்பி?”

“வாங்கிறியள்தானே அங்கிள்.”

“வாங்கிறது வேறை, எழுதிறது வேறை.”

குசினிக்குள்ளிருந்து அங்கிளின் மனைவி கமலினி அன்ரியின் குரல் வந்தது. “தம்பிக்கு விளங்கேல்லைப் போல. இவருக்கெல்லோ வாற கிழமை பொன்னாடை!”

சங்கதி இதுதான். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் யாரோ, “பெடியளை வைச்சிருக்கிறியள், கிழமைக்கு எவ்வளவு எடுக்கிறியள்?” என்று கேட்டுவிட்டார்கள். நாலு பேர் திரும்பிப் பார்க்க, அங்கிளின் வாயில் வந்தது, “சீச்சீ, ஊர்ப் பெடியளிட்டைக் காசு வாங்கிறதோ?” அந்த ஒரு வசனம் சிட்னி முழுக்கச் சுற்றி மெல்பேர்னின் நோபல் பார்க் வரைக்கும் போனது. அதன்பிறகு எந்த விழாவிலும் அவருக்கு முன்வரிசைக் கதிரை. இந்த வருடம் ஊர்ச் சங்கத்தின் இராப்போசனத்தில் அவருக்கு ‘வள்ளல்’ பட்டம் வேறு.

“ஒண்டு செய்வம்” என்றார் அங்கிள். “நீர் படிச்ச பெடியன். மேடையிலை ஏறி எனக்கு நன்றியாய் நாலு வார்த்தை சொல்லும். அடுத்த நாள் கடிதம் உம்மடை கையிலை.”

கோப்பையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே போயிருக்கவேண்டும். சுஜீதனுக்கும் அது தெரியும். ஆனால் ‘படிச்ச பெடியன்’ என்ற சொல் தொண்டைக்குள் தேன் போல இறங்கிவிட்டது. இரண்டு பின்னேரம் இருந்து உரை எழுதினான். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான், குளியலறையில் அல்ல, அங்கே நேரம் காணாது.

மண்டபத்தில் முந்நூறு பேர். “எமது மண் ஈன்ற முதற் பட்டதாரி” என்று அறிவித்தார்கள். நாலு வார்த்தை ஒன்பது நிமிடமாக நீண்டது. “இவருடைய வீடு வீடல்ல, அன்னசத்திரம்! இந்த இரண்டு வருடத்தில் வாடகை என்ற சொல்லை இவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை!” என்று முழங்கினான். உண்மையில் கேட்டதில்லைதான், வியாழன் என்ற சொல்லைத்தான் கேட்டிருக்கிறான் என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான். கைதட்டல் அடங்கவில்லை. கராஜின் வலப்பக்கத்தில் இருக்கும் சிறி மட்டும் கொத்துரொட்டியை மென்றபடி தலையைக் குனிந்து சிரித்தான். யாரோ எல்லாவற்றையும் படம்பிடித்து பேஸ்புக்கில் போட்டார்கள்.

அடுத்த நாள் கடிதம் வந்தது. அங்கிள் சொன்ன சொல் மாறாதவர். மகள் வினுஷா அழகான ஆங்கிலத்தில் தட்டெழுதியிருந்தாள். சுஜீதன் எங்கள் குடும்பத்தில் ஒருவர், மிக நல்ல பிள்ளை, இரண்டு வருடமாக ஒரு சதமும் வாங்காமல் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம்.

“அங்கிள், இதென்ன?”

“ஏன், என்ன பிழை? நீர்தானே முந்நூறு பேருக்கு முன்னாலை சொன்னனீர். மேடையிலை ஒண்டு, கடிதத்திலை ஒண்டெண்டு எழுத நான் என்ன பொய்யனோ?”

வேறு வழியில்லாமல் அதையே கொண்டுபோய்க் கொடுத்தான். ஏஜென்ற் பெண் இரண்டு முறை வாசித்தாள். வாடகை கட்டியே பழக்கமில்லாதவருக்கு வீடு கொடுக்க உரிமையாளர் சம்மதிக்கமாட்டார் என்று மரியாதையாகச் சொன்னாள். இப்படி ஒரு நல்ல குடும்பம் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம் என்றும் சொல்லி அனுப்பினாள்.

அங்கிள் அதற்கும் வழி வைத்திருந்தார். “உதுக்கேன் மனவருத்தம்? பிள்ளை வந்து இஞ்சையே இருக்கட்டுமன். சிறியை வேறை எங்கையும் மாத்திப்போட்டு நடுப் பலகையைக் கழட்டிவிடுறன். ரெண்டு ஸ்ரூடியோவும் உங்களுக்குத்தான்.” கொஞ்சம் நிறுத்தி, “அதுக்கேத்த மாதிரிப் பாத்துச் செய்யும்” என்றார்.

வியாழன் மதியம், வேலைத்தளத்துப் படிக்கட்டில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மிருணாளினி போன் எடுத்தாள்.

“வீடியோ பாத்தனான். அம்மாவும் பாத்தவ. வடிவாக் கதைச்சிருக்கிறியள்.”

“ம்ம்.”

“சம்பளத்திலை பாதி வாடகைக்கே போகுது, அதுதான் கூட அனுப்பேலாமக் கிடக்கெண்டு சொன்னனீங்கள். அங்கை ஒரு சதமும் வாங்கேல்லையாம். அப்ப அந்தக் காசெல்லாம் எங்கை?”

“மிருணா, அது மேடைக்குச் சொன்னது.”

“அப்ப எனக்குச் சொன்னது?”

“பொறும், அத்தாட்சி அனுப்பிறன்” என்றான். அந்த நேரம் பார்த்து போனும் சிணுங்கியது. அங்கிள்தான். ‘தம்பி, இண்டைக்கு வியாழன்.’ அதை அப்படியே மனைவிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தான்.

பதில் வந்தது.

‘ஓம், இஞ்சையும் வியாழன்தான்.’