இமை இல்லாத கேமரா

மாடி வீட்டுப் பெண் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேமராவின் அடிப்பாகத்துத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். கழற்றியதைக் கிண்ணத்தில் போடும் பழக்கம் அவளுக்கு இல்லை. வெள்ளைத் தாளில் கேமராவின் உருவத்தை வரைந்து, அதன்மேல் இருபக்கமும் ஒட்டும் டேப்பை ஒட்டி, எந்தத் திருகாணி எந்த மூலையிலிருந்து வந்ததோ அந்த மூலையிலேயே வைப்பாள். எறும்புத் தலை அளவு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், நீளம்தான் வேறு. இடம் மாறிப் போட்டால் உள்ளே போய் எதையாவது குத்தும்.

"தும்மிடாதீங்க பெரியம்மா" என்றாள், தலை நிமிராமல்.

"மாஸ்க்குக்குள்ள தும்முனா உன் திருகாணி பறந்துடுமா?"

"போன வாரம் நீங்க பெருமூச்சு விட்டதுக்கே ஒண்ணு காணாமப் போச்சு."

அவள் கேமரா சர்வீஸ் சென்டரில் வேலை பார்ப்பவள். கையை விட்டு அகலாத ஸ்க்ரூடிரைவரை வைத்து, அங்கே அவளுக்குத் திருப்புளி என்று பெயர். கேலியாக வைத்தது, நாளாக ஆக மரியாதையாகிவிட்டது. நான் கீழ் வீடு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்து, அதிலேயே பிழைத்தவள். அவள் கணவருக்காகக் காலையும் மாலையும் மாடியேறுவேன்.

அவர் ஒரு பெரிய கடையில் டிவி விற்றவர். வாயால் விற்றவர் என்று சொன்னால்தான் சரி. மிக்ஸி வாங்க வந்தவரைச் சுவர் அகல டிவியோடு வீட்டுக்கு அனுப்பிவைப்பார். தொற்று ஊருக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. கை பாதி திரும்பியது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியது: "அதான்."

பசிக்கிறதா என்றால் அதான். போதுமா என்றால் அதான். கோபம் வந்தாலும் அதான். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த நோயில் இப்படி ஒற்றைச் சொல் தங்கிவிடுவது உண்டு. அவருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரம் மூன்று நாள் வந்துகொண்டிருந்தார். பேச்சு டீச்சர் என்போம். ஊரடங்கு போட்டதும் அவர் வருவது நின்றது.

சர்வீஸ் சென்டரும் மூடியது. கல்யாணம் இல்லை, சுற்றுலா இல்லை, யார் கேமரா வாங்குவார்கள்? வாங்க ஆள் இருந்தாலும் செய்ய ஆள் இல்லை. படத்தைப் பதியும் சென்சார் ஒரு நாட்டில், லென்ஸ் இன்னொரு நாட்டில், சேர்த்து மூடுவது மூன்றாவது நாட்டில். ஒரு தொழிற்சாலை கதவைச் சாத்தினால் மற்றவை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர், முடித்துக் கொடுக்க வேண்டிய கேமராக்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சரி செய்யலாம் என்றார்கள். திருப்புளி அந்த மீதியில் இருந்தாள். சாப்பாட்டு மேஜை பட்டறை ஆயிற்று. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

அவள் எடுத்து வந்ததில் ஒன்று, கல்யாணப் போட்டோக்காரர் ஒருவருடையது. ஷட்டர் கிழிந்துபோயிருந்தது. ஷட்டர் என்பது கேமராவின் இமை மாதிரி. படம் எடுக்கும்போது மூடித் திறக்கும் மெல்லிய தகடுகள். மாற்ற வேண்டிய பாகம் கடல் தாண்டி எங்கோ நின்றுகொண்டிருந்தது.

டீச்சர் வீடியோவில் வகுப்பு எடுக்கிறேன் என்றார். வீட்டில் இருந்த ஒரே போனில் முன், பின் இரண்டு கேமராவும் என்றோ உடைந்திருந்தன; என்னுடையது பட்டன் போன். பழைய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு, திரை பெரியது, ஆனால் கேமரா கிடையாது. கம்ப்யூட்டரில் மாட்டும் குட்டிக் கேமராவுக்கு அவள் ஏறாத கடை இல்லை. ஊரே வீட்டிலிருந்து வேலை பார்த்தது, பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தார்கள். இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"நல்ல கேமராவைச் சீண்ட நாதி இல்ல, பெரியம்மா. அழிரப்பர் சைஸுல இருக்குற இதுக்கு அடிதடி!"

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஷட்டர் கிழிந்த கேமரா படம்தான் எடுக்காது. கிழிந்த தகடுகளை உருவிவிட்டால், திறந்த கண்ணோடு பார்த்துக்கொண்டே இருக்கும். பார்த்ததைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பவும் செய்யும். அதற்கான மென்பொருளைக் கம்பெனியே அந்தச் சமயம் இலவசமாக விட்டிருந்தது. அவள் போட்டோக்காரரைக் கூப்பிட்டாள். தொழில் படுத்துவிட்டதால் அவர் பைக்கில் மளிகைச் சாமான் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். கேமராப் பையில்தான் முட்டை வைப்பாராம், உடையாது என்று.

"எடுத்துக்கோங்கக்கா, சும்மாதானே கிடக்கு. பார்ட் வந்ததும் எனக்குச் சொல்லிடுங்க, அவ்வளவுதான்."

அந்தத் தகடுகளை உருவத்தான் அன்று அவள் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, செத்துப்போன பேட்டரியின் கூட்டைக் காலி செய்து, அதற்குள் ஒயரை நுழைத்து, சுவர் மின்சாரத்தில் கேமரா ஓடும்படி செய்தாள். குரலுக்குப் போன், முகத்துக்குக் கேமரா என்று ஏற்பாடு.

முதல் வகுப்புக்கு அவள் செய்த ஆர்ப்பாட்டத்தைப் பார்க்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், வெள்ளைத் துணியைப் பிடித்து மறு பக்கம் வெளிச்சம். கணவருக்குத் தலை வாரிவிட்டாள். திரையில் அவர் முகம் சினிமாக்காரர் முகம் மாதிரி வந்தது. பின்னால் அலமாரி புகை போல மங்கி நின்றது. டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, சார் கண்ணு ரொம்ப அழகா இருக்கு. இமை முடியைக்கூட எண்ணிடலாம்."

"ஆமா மேடம், நல்ல லென்ஸ்."

"எனக்கு வாய் வேணும்க்கா. உதடு கலங்கலா இருக்கு."

கேமராக்காரர்கள் மனித முகத்தைக் கண்டால் கண்ணில்தான் கூர்மையை, அதாவது ஃபோகஸை வைப்பார்கள். இத்தனை வருடம் கண்ணையே பார்த்த கை, அன்றும் தானாகக் கண்ணுக்குத்தான் போயிருக்கிறது. நான் சிரித்துவிட்டேன். அவள் கணவரும் சிரித்து "அதான்!" என்றார். நோய் வந்தபின் பொருத்தமாக விழுந்த முதல் அதான் அது. அவள் முகம் சிவந்து, லென்ஸ் வளையத்தைத் திருகிக் கூர்மையைக் கீழே இறக்கினாள்.

அதன் பிறகு வகுப்புகள் ஒழுங்காக நடந்தன. டீச்சர் வ என்ற எழுத்தில் தொடங்கினார். மேல் பல்லைக் கீழுதட்டில் வை, காற்றை விடு. அவருக்கு உதடு மடங்காது. டீச்சர் பெரிய திரையில் தன் வாயைக் காட்டுவார். இவர் வாயைப் பார்த்து, "இன்னும் உள்ள, சார், இன்னும் கொஞ்சம்" என்பார். வண்டி. வாசல். வண்டி வந்துச்சு. அவர் பாதி ஒலியில் இழுப்பார், கடைசியில் அதானில் போய் விழுவார். வியர்க்கும். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி உட்காரவைப்பேன். அழுகைக்கெல்லாம் நேரம் கொடுப்பதில்லை.

மூளையில் அடிபட்ட பேச்சு முதல் சில மாதங்களில்தான் வேகமாகத் திரும்பும். பிறகும் வரும், ஆனால் இழுத்துப் பிடித்துக் கொண்டுவர வேண்டும். இதை அவளிடம் நான் சொல்லியிருந்தேன். அவள் மனதில் அது ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது.

ஒரு மாலை மருந்துப் பெட்டியை எடுத்தபோது, அதற்குப் பின்னால் பிரிக்காத பார்சல் ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"ஷட்டர்" என்றாள் மெதுவாக.

"எப்ப வந்தது?"

"முந்தாநாள். கப்பல் எல்லாம் ஓட ஆரம்பிச்சிடுச்சாம்."

"போட்டோக்காரத் தம்பிக்குச் சொல்லிட்டியா?"

அவள் மேஜையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேஜை.

"கல்யாணம் எல்லாம் மறுபடி சின்ன அளவுல நடக்குது பெரியம்மா. சொன்னா உடனே வாங்கிட்டுப் போயிடுவாரு. குட்டிக் கேமரா இன்னும் எந்தக் கடையிலயும் வரல. இவருக்கு இப்பதான் உதடு மடங்குது. இன்னும் ஒரு மாசம். ஒரே ஒரு மாசம்."

அவள் கணவருக்கு மாத்திரையைக் கொடுத்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு போனவருக்குக் காது போய்விடாது. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மறுநாள் மாலை, கீழே பைக் சத்தம். போட்டோக்காரர் மாடியேறி வந்து, மளிகைப் பையை வாசலில் வைத்துவிட்டு எட்டடி தள்ளி நின்றார். முகத்தில் பாதி மாஸ்க், மீதியில் சிரிப்பு.

"அக்கா, ஒரு கல்யாணம் வந்திருக்கு! மொத்தமே இருபது பேரு. ஆனா கல்யாணம் கல்யாணம்தானே. வர ஞாயித்துக்கிழமை. பார்ட் பத்தித் தகவல் ஏதாவது உண்டா?"

"இல்ல தம்பி" என்றாள் திருப்புளி. "இன்னும் வரல."

"வரலையா?" அவர் ஹெல்மெட்டைக் கையில் உருட்டினார். "சரி, பரவாயில்லக்கா. வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடறேன். உங்க மேல என்ன தப்பு, கப்பல்காரன் தப்பு."

அவர் திரும்பி இரண்டு படி இறங்கியிருப்பார்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. முதலில் வெறும் காற்று. அவள் கணவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். மேல் பல் கீழுதட்டில் பதிந்திருந்தது. பதிந்த இடம் வெளுத்திருந்தது.

"வ..." என்றார். "வந்... துச்சு."

தனக்குச் சந்தேகம் போல அவரே இன்னொரு முறை சொன்னார், இந்த முறை சத்தமாக.

"வந்துச்சு!"

இடது கை மருந்துப் பெட்டியைக் காட்டியது.

போட்டோக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே பேசுறாரா? அக்கா, அண்ணே பேசுறாரு! என்ன வந்துச்சுங்கறாரு?"

திருப்புளிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் விக்கல் எடுத்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பார்சலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"இதுதான் தம்பி. ரெண்டு மூணு நாளாவே வீட்டுல இருக்கு. நான்தான் மறைச்சேன்."

அவர் பார்சலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உள்ளே நாற்காலியைப் பார்த்தார்.

"இவ்வளவு நாள் பேசாதவரு, வாயைத் திறந்ததும் உங்களையே மாட்டிவிட்டுட்டாரே!"

"டிவி வித்த வாய்" என்றாள் அவள். "என்னை மட்டும் விட்டுவைக்குமா?"

அவர் படியில் உட்கார்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "கேட்டிருந்தா நானே இருக்கட்டும்னு சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்ப முடியாதுக்கா. வாடகை கட்டணும்" என்றார்.

"தெரியும். நாளைக்கு வாங்க, தயாரா இருக்கும்."

அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை நான் மேலே போனபோது அவள் வேலையைத் தொடங்கியிருந்தாள். அவர் மேஜையருகே உட்கார்ந்து, திருகாணிகள் ஒட்டிய தாளை நகராமல் வலது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தார். அந்தக் கைக்கு அது நல்ல வேலை. புது ஷட்டரை உட்கார வைத்து, திருகாணிகளை அதனதன் மூலைக்குத் திருப்பி அனுப்பி, மூடினாள். சோதிக்க ஒரு படம் எடுக்க வேண்டும். அவர் பக்கம் திருப்பி, வளையத்தைத் திருகி, அழுத்தினாள். க்ளிக் என்று இமை மூடித் திறந்தது. வாய்தான் கூர்மையாக விழுந்திருந்தது. கண் கலங்கல்.

"போச்சு, கையே மாறிடுச்சு" என்று இன்னொன்று எடுத்தாள், கண்ணில் வைத்து. பிறகு துடைத்து, பையில் வைத்து, வாசலில் வைத்தாள்.

வகுப்பு நேரத்துக்குப் போன் மட்டும்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னைக்கு முகம் இல்ல மேடம். இனி கொஞ்ச நாளைக்குக் குரல் மட்டும்தான்."

"அய்யோ, வாயைப் பார்க்காம எப்படிக்கா?"

அவள் போனை அவர் பக்கம் நகர்த்தினாள். வெளியே பைக் வந்து நின்றது. அவர் காதைத் தீட்டிக் கேட்டார், பல்லை உதட்டில் வைத்தார்.

"வண்டி" என்றார். நிறுத்தி, மூச்சு வாங்கி, "வந்துச்சு."

போனில் டீச்சர் நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம் கேட்டது.

"சார்" என்றார் டீச்சர், "இன்னொரு தடவை சொல்லுங்க."

திருப்புளி பையைக் கொடுக்க வாசலுக்குப் போனாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.