தியாகு அண்ணன் கொண்டுவந்த பீங்கான் தொட்டி

தியாகு அண்ணன் கரண்டியால்தான் சாப்பிடுவார். ரப்பர் ஆலை மெஷின் இடது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்ட நாளிலிருந்து அப்படித்தான். கல்யாணப் பந்தியில் உட்காரவே மாட்டார். "பெரிய துரை, இலையில கை வைக்க மாட்டாரு" என்று எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கக் கேலி. அடுத்த வீட்டு விஷயம் அரைகுறையாகத் தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. அவர் மனைவி பூங்காவனத்தை ஒருநாள் வேலியோரம் மடக்கிக் கேட்டே விட்டேன்.

"இருக்கறது ஒரு கைதானேக்கா. வெளிக்குப் போனா அதாலதான் கழுவணும். சவர்க்காரம் போட்டு எத்தன தடவ தேய்ச்சாலும் அதே கையால சோத்தத் தொட மனசு வரலயாம். பெசஞ்சு சாப்பிட்டு ஆறு வருசமாச்சு" என்று அழுதாள். கேலி பேசிய வாய்களையெல்லாம் ஊசி நூல் கொண்டு தைக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

சுதந்திரம் கிடைத்த வருசம், அண்ணன் காவல் பார்த்த புக்கிட் பாரு பங்களாவின் இங்கிலீஷ்கார துரை ஊருக்குக் கிளம்பினார். வேலைக்காரர்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு சாமான் எடுத்துக்கொள்ளச் சொன்னார். டிரைவர் ரேடியோவைத் தூக்கினார். நம் அண்ணனோ, துரை நாய் குளிப்பாட்டிய பீங்கான் தொட்டியைக் கேட்டு வாங்கி, மூன்று சக்கர பெச்சாக்காரர் மூச்சு வாங்க மிதிக்க, அதோடு வந்து இறங்கினார்.

தெருவே கூடிவிட்டது. முட்டி உயரம்தான். நீளவாக்கில் குழிந்த தொட்டி, அடியில் சல்லடை மாதிரி துளைகள். "கால் கழுவறது" என்றார் கடைக்கார அப்துல் ஹமீது. "மீன் அலசறது" என்றாள் ஒருத்தி. அண்ணன் ஆள் வைத்துக் குளியலறையில் பதித்து, குழாயிலிருந்து ரப்பர் டியூப் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது.

மறுநாள் பூங்காவனம் தானே வேலிக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பங்களாவில் முன்பு இருந்தது ஒரு பிரெஞ்சுக் குடும்பமாம். அவர்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இது உண்டாம். வெளிக்குப் போய்வந்து, குதிரை மேல் ஏறுவதுபோல் இதன்மேல் உட்கார்ந்து குழாயைத் திறந்தால், தண்ணீர் கீழிருந்து பீறிட்டுக் கழுவிவிடும். பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து அங்கே சமைத்த ரஹீமா இதைச் சொன்ன நாள் முதல் அண்ணனுக்கு அதன்மேல்தான் கண். காகிதத்தில் துடைத்தே பழகிய இங்கிலீஷ்காரருக்கு அதன் அருமை என்ன தெரியும்? நாய்க்குக் கொடுத்துவிட்டார்.

"கையே படலக்கா" என்றாள் பூங்காவனம்.

தை மாதம் செமாபோக்கில் அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். தியாகு அண்ணன் பந்தியில் வந்து உட்கார்ந்தார். நான் எதிர் வரிசையில். என் சாப்பாடு மறந்தே போனது. பெண்ணின் தம்பி ஜெயபாலன் ஓடிப்போய்க் கரண்டி கொண்டுவந்தான். "இந்தாங்க மாமா."

"அத உள்ள வையிப்பா."

சோற்றைக் குழித்துச் சாம்பார் வாங்கி, ஐந்து விரலும் முங்கப் பிசைந்தார். மெதுவாகத்தான் பிசைந்தார். முதல் கவளம் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்து ரசம். வாளியோடு வந்தது பூங்காவனம். இலையில் விடக் குனிந்தவளிடம் உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். அவளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. ரசம் பாதி அவர் மடியில் விழுந்தது.

"கையப் பாத்து ஊத்து புள்ள" என்றார்.