பெரில் தேய்த்த கிட்டார்

இங்கிலாந்தின் டிப்டன் ஊரில் யாரையும் நேராகப் பாராட்டும் வழக்கம் கிடையாது. சாப்பாடு பிரமாதமாக இருந்தால் "மோசமில்ல" என்பார்கள். மகன் டாக்டரானால் "வேற வேலை கிடைக்கலையாக்கும்" என்பார்கள். ஆகவே பெரில் ஹிங்லி அம்மாள் தன் தம்பியைப் பற்றி, "அந்தப் பய இன்னும் அந்த இரைச்சலை விட்டொழிக்கலை" என்று சொன்னால், பெருமையில் அவர் கோட்டுப் பொத்தான் தெறிக்கப் போகிறது என்று பொருள். அக்கம்பக்கத்தார் சற்றுத் தள்ளி நின்றே கேட்பார்கள்.

ராக் கிட்டார் வாசிக்கும் அந்தத் தம்பியை உலகம் 'ரேஸர்', அதாவது சவரக்கத்தி, என்கிறது. மைதானம் மைதானமாக ஜனங்கள் அந்தப் பெயரைக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறார்கள். பெரிலுக்கு அவன் ராய்ஸ்டன். சின்ன வயதில் காலுறையைத் தொலைத்தவன், இன்னும் கண்டுபிடிக்காதவன்.

கடையில் வாங்கிய கிட்டார் வாங்கியபடியே ராய்ஸ்டனிடம் ஒரு வாரம் இருந்ததில்லை. ஒன்றின் கழுத்தைச் சீவி ஒல்லியாக்கினான். ஒன்றின் வயிற்றைக் குடைந்து வேறொன்றின் ஒலி வாங்கும் காந்தச் சுருளைப் பதித்தான். இன்னொன்றுக்கு மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங். அத்தனையும் பெரில் வீட்டு மாடிப் பின்னறையில்தான் இருக்கின்றன. கலிஃபோர்னியாவில் அவனுக்கு மாளிகை உண்டு. ஆனால் அங்கே வெயிலில் மரம் வெடித்துவிடுமாம். டிப்டனில் அந்தக் கவலை யாருக்கும் வந்ததில்லை.

அந்தக் கிட்டார் கூட்டத்தில் மூத்ததன் பெயர் 'கெட்டில்'. பெரில் அப்போது வெந்நீர் போடும் மின்சாரக் கெட்டில் தொழிற்சாலையில் வயர் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து ஒரு சுவிட்சு, சாப்பாட்டு டப்பாவில் ரொட்டிக்கு அடியில் படுத்து வெளியே வந்தது. சமையலறை மேசையில் வைத்து அதைக் கிட்டாருக்குள் பற்றவைத்தவர் பெரில்தான். அதைத் தட்டினால் சத்தம் துண்டு துண்டாக வெட்டுப்படும். அந்த வெட்டுதான் ராய்ஸ்டனை ரேஸர் ஆக்கியது. கிட்டார் தேனீக்கூடு மாதிரி முனகியபோது, தன் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை உருவி உள்ளே ஒட்டினார். முனகல் நின்றது. சிகரெட்டைப் பிறகு நிறுத்தினார். தன் பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தக் கிட்டார்களை ஊர் மண்டபத்தில் கண்காட்சி வைப்பதென்று முடிவானது. சனிக்கிழமை திறப்பு விழா, மேயர் வருவார், ராய்ஸ்டன் கெட்டிலை வாசிப்பான். பெரியவர்கள் வருகிறார்கள் என்றால் அந்தத் தெருவில் செய்வது ஒன்றுதான்: தேய்ப்பார்கள். வாசற்படியைத் தேய்த்து, கதவுப் பித்தளையைத் தேய்த்து முடித்த பெரில், கெட்டிலைப் பார்த்தார். விரல் படும் பலகையில் கறுப்புப் பிசுக்கு. தலையில் சிகரெட் சுட்ட தழும்பு. உடம்பெல்லாம் வியர்வை மஞ்சள்.

"இதை மேயர் முன்னாடி நீட்டினா, இந்த வீட்டுல பொம்பளையே இல்லையான்னு கேப்பாங்க."

வெந்நீர், சலவை சோடா, பித்தளைப் பாலிஷ். சாயங்காலத்துக்குள் கெட்டிலில் முகம் தெரிந்தது.

அந்த அழுக்கை அங்குலம் அங்குலமாக நகலெடுத்து விற்க ஒரு கம்பெனியே இருக்கிறது. புதுக் கிட்டாரை உப்புத்தாளால் சுரண்டி, கவனமாகச் சூடு வைக்க அங்கே ஆட்கள் சம்பளம் வாங்குகிறார்கள். தம்பி ஒருமுறை சொன்னபோது, பெரில் அதை நகைச்சுவை என்று நினைத்து மரியாதைக்குச் சிரித்தார்.

வியாழக்கிழமை கண்காட்சிக்காரர் ஜூலியன் லண்டனிலிருந்து வந்தார். கெட்டிலின் பெட்டியைத் திறந்தார். அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம்... அழுக்கு எங்க?"

"சாக்கடையில."

"அது வரலாறு, மேடம்!"

"வரலாறா? நம்ம ராய்ஸ்டனோட அக்குள் வாடைன்னுல்ல நெனச்சேன்."

ஜூலியன் போனபின்தான் பெரிலுக்குக் கவலை வந்தது. அழுக்குக்காக அல்ல. வெந்நீர் உள்ளே இறங்கி வயரைக் கெடுத்திருந்தால்? அந்தச் சத்தம் போய்விட்டால்? தன் கையால் கொடுத்ததைத் தன் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டோமோ? கடையிலிருந்து சுடச்சுட வாங்கி வந்த, ஆரஞ்சு நிற மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்குச் சிப்ஸ் சுற்றிய காகிதத்திலேயே ஆறிப்போனது. அவரை அறிந்தவர்களுக்கு அது ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டிய அறிகுறி.

மறுநாள் காலை, பெரிலும் ஜூலியனும் கெட்டிலோடு காத்திருந்த மண்டபத்துக்கு ராய்ஸ்டன் நேராக வந்தான். கெட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னடா, நாக்கு செத்துப்போச்சா? திட்டணும்னா திட்டித் தொலை."

அவன் திட்டவில்லை. பின்மூடியைக் கழற்றினான். உள்ளே ஈரம் இல்லை. பழுப்பேறிய வெள்ளித்தாள், மொத்தையாய்ப் பற்றவைத்த ஈயம், ஒரு தலைமுறைத் தூசி எல்லாம் அப்படியே.

"உள்ள மட்டும் கை வைக்கலையாக்கா?"

"உள்ள எதுக்குடா வைக்கணும்? அது நான் செஞ்ச வேலை. அதுல என்ன அழுக்கு?"

வயரைச் செருகினான். ஜூலியன் கண்ணை மூடிக்கொண்டார். முனகல் இல்லை. ராய்ஸ்டன் தந்திகளில் ஓங்கி ஒரு அடி அடித்துச் சுவிட்சைத் தட்டினான். டக், டக், டக் என்று வெட்டிய சத்தத்தில் மண்டபத்துக் கண்ணாடிகள் நடுங்கின. பெரில் மூக்கைச் சிந்தினார்; சளி பிடித்திருக்கிறது என்றார், யாரும் கேட்காமலே.

மனம் மாறிய ஜூலியன் பக்கத்தில் வந்தார். "மேடம், நீங்க தேய்ச்ச அந்தத் துணி கெடைக்குமா? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கலாம்."

"அதைக் குடுத்துட்டா மத்த கிட்டாரை எதால தேய்ப்பேன்?"

அன்று முழுதும் ஜூலியன் மற்ற கிட்டார்களை விட்டு நகரவில்லை.

சனிக்கிழமை மண்டபம் பிதுங்கியது. முதல் வரிசையில் மேயர், பக்கத்தில் புதுத் தொப்பியுடன் பெரில். பளபளக்கும் கெட்டிலைப் பார்த்து ரசிகர்கள் முணுமுணுத்தார்கள். ராய்ஸ்டன் மைக்கைப் பிடித்தான்.

"இதுக்கு வயரிங் பண்ணது எங்கக்கா. கழுவி வெச்சிருக்கிறதும் எங்கக்காதான்." கெட்டிலில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தான். "மோசமில்ல."

வெளியூர் ரசிகர்கள் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். டிப்டன்காரர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்; ஒரு மனிதர் இன்னொருவரைப் பற்றி ஊரறிய இவ்வளவு சொல்லி அவர்கள் கேட்டதே இல்லை.

அவன் வாசிக்க ஆரம்பித்தான். பெரில் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மேயரின் காது கிழியக் கத்தினார்:

"சத்தத்தைக் கொறடா!"