அஸ்கா இல்லாத கேக்

எங்கள் பக்கம் சர்க்கரை வேறு, அஸ்கா வேறு. சர்க்கரை என்றால் கரும்புப் பாலைக் காய்ச்சி எடுக்கிற பழுப்புத் தூள். கடையில் பளிச்சென்று வெள்ளையாக விற்பது அஸ்கா. சென்னைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குச் சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, அஸ்கா டப்பாவைத் தூக்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்ததுதான். அதோடு நோயையே வெளியே அனுப்பிவிட்டதாக ஒரு நினைப்பு. கோயமுத்தூரைச் சுற்றி என்னைப் போல எத்தனையோ பேர் இருக்கிறோம். அஸ்காவைத் தொடாவிட்டால் போதும், எதுவும் அண்டாது என்று நம்புகிறவர்கள்.

இந்த நம்பிக்கை என் தம்பிக்கு நன்றாகத் தெரியும். அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தானே.

சூலூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவன், அதை விற்றுவிட்டுக் கேக் செய்து பாக்கெட் போட்டு விற்கிற தொழிலில் இறங்கினான். அடுத்த வருடம் ஒரு புதுக் கேக்கோடு என் வீட்டுக்கு வந்தான். பச்சை நிற அட்டைப் பெட்டி. முன்பக்கம் கொட்டை எழுத்தில் 'அஸ்கா இல்லாத கேக்'.

"ஏனுங்க்கா, பொட்டு அஸ்கா கெடையாதுங்க. உங்களை நெனச்சுத்தான் இதையே ஆரம்பிச்சேன். தெகிரியமாத் தின்னுங்க" என்றான்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நோய் வந்த பிறகு விசேஷ வீடுகளில் எல்லோரும் இனிப்பை என் இலையைத் தாண்டி வைத்துக்கொண்டு போவார்கள். "அவங்களுக்கு ஆவாது" என்று வேறு என் காதுபடவே சொல்வார்கள். என்னை நினைத்து ஒருவன் கேக்கே செய்திருக்கிறான் என்றால் சும்மாவா? நான் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டேன். அவன் செல்போனில் வீடியோ எடுத்தான். "எங்க அக்காவுக்குச் சர்க்கரை நோய். அவங்களே தினமும் இதைத்தான் சாப்பிடறாங்க" என்று அவன் குரலில் பேசி ஊர் முழுக்க அனுப்பினான். கல்யாண வீட்டில் முகம் தெரியாதவர்கள்கூட வந்து, "நீங்க கேக்கு அக்காதானுங்களே?" என்று கேட்டார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

தினமும் சாயங்காலம் வெறும் காப்பியோடு ஒரு பாக்கெட். மற்றபடி சோற்றைக் குறைத்தேன், கிழங்கை விட்டேன், காலையில் கால் வலிக்க நடந்தேன். அப்படியும் ஒவ்வொரு பரிசோதனையிலும் அளவு ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் இடது கண்ணுக்குள் கறுப்பு நூல் மிதந்தது. உள்ளே ரத்தம் கசிகிறது என்றார்கள். கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். அன்று என்னைக் காரில் கூட்டிப் போனவன் தம்பிதான். வெளியே நாற்காலியில் என் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். திரும்பி வந்து வீட்டில் இறக்கிவிடும்போது வண்டியின் பின்னாலிருந்து இரண்டு பெட்டி கேக்கையும் எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

அடுத்த முறை தனியாகப் போனேன். கண் டாக்டரம்மா பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். "இப்படியே போனா இடது கண்ணு போயிரும்மா. அடுத்தது வலதுதான். அப்படி என்னதான் சாப்பிடறீங்க?"

"அஸ்காவைக் கையிலயும் தொடறதில்லீங்க!" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். கேக்கைப் பற்றியும் சொன்னேன்.

"முன்பக்கத்தை விடுங்க. பின்பக்கம் பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிச்சுப் பாருங்க."

காந்திபுரத்தில் சூலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பையிலிருந்த பாக்கெட்டை எடுத்துச் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கி, நல்ல கண்ணால் படித்தேன். மைதா. குளுக்கோஸ் பாகு. மால்டோடெக்ஸ்ட்ரின். பாமாயில். அந்த மூன்றாவது பெயர் வாயில் நுழையவில்லை. செல்போனிடம் கேட்டேன். அஸ்காவைவிட வேகமாக ரத்தத்தில் ஏறுகிற மாவு என்றது. குளுக்கோஸை யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடப்பவர்களுக்குப் பாட்டிலில் ஏற்றுவார்களே, அதுதான். கீழே கட்டம் போட்டு மாவுச்சத்து, கொழுப்பு, சக்தி என்று கணக்கு இருந்தது. எல்லாம் ஒரு துண்டுக்கு. ஒரு பாக்கெட்டில் நான்கு துண்டு. நான் தின்றது பாக்கெட் பாக்கெட்டாக.

அப்போதும் தம்பி மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை பாருங்கள்! பாவம், தறி ஓட்டியவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும், கேக் போடுகிற மாஸ்டர் எவனோ ஏமாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவனுக்கும் போன வருடம் சர்க்கரை நோய் வந்திருந்தது. அவனும் இதைத் தின்று தொலைக்கிறானோ என்று பயம் வந்தது. என் வீட்டுக்குப் போகாமல் நேராக அவன் வீட்டில் போய் இறங்கினேன்.

அவன் இல்லை. அவன் மனைவி காப்பி கொண்டுவந்தாள். நான் அதை வாங்காமலே, "அம்மணி, தம்பி இந்தக் கேக்கைத் தின்னுதா? திங்க வேண்டாம்னு சொல்லு. குளுக்கோஸைக் கொட்டி வெச்சிருக்கானுங்க" என்றேன்.

"அவரு தொடறதே இல்லீங்களே" என்றாள் அவள், வெகு சாதாரணமாக. "அதுல குளுக்கோஸ் பாகு இருக்குது, நம்ம ஒடம்புக்கு ஆவாதுன்னு அவரேதான் சொன்னாருங்க. ஊட்டுக்குள்ளயே கொண்டாரதில்லீங்க."

என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குக் குரல் இறங்கிவிட்டது. "நீங்களும் திங்கறதில்லை, வீடியோவுக்குத்தான் ஒரு வாய் தின்னீங்கன்னு அவரு சொன்னாருங்களே..."

காப்பித் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தேன். தாங்கவே முடியவில்லை. வேறு எவன் செய்திருந்தாலும் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருப்பேன்.

தம்பி வந்தான். மேசை மேல் பாக்கெட் பின்பக்கம் தெரியக் கிடந்ததைப் பார்த்ததும் அவனுக்கு விளங்கிவிட்டது.

"அஸ்கா இல்லைன்னுதானுங்க்கா சொன்னேன். இதுல அஸ்கா இல்லைதானுங்க. நான் பொய் சொல்லலீங்க."

"அஸ்கா இல்லைன்னா நான் என்ன நெனப்பேன்னு உனக்குத் தெரியாதா? இந்த ஊருல பொறந்தவன்தானேடா நீ?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"சரி, யாவாரம். ஊரை ஏமாத்திப்போட்டே. என்ற கண்ணுல ஊசி குத்துன அன்னைக்கு என்ற கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே உக்கோந்திருந்தே? அப்பவாச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

அவன் மனைவி அழ ஆரம்பித்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சொல்லோணும்னுதானுங்க்கா இருந்தேன். சொன்னா நீங்க திங்கறதை நிறுத்திப்போடுவீங்க. ஊரே உங்களைப் பாத்துத்தானுங்க வாங்குது."

நான் எழுந்துவிட்டேன். கொண்டுபோய் விடுகிறேன் என்று கார் சாவியை எடுத்தான். வேண்டாம் என்றேன். வெளியே வந்தால் இடது பக்கம் படி சரியாகத் தெரியவில்லை. அவன் கை நீட்டினான். நான் சுவரைப் பிடித்து இறங்கினேன்.