சோகத்தாரின் கிழக்கு எல்லை

என் வீட்டுக்காரர் சண்முகலிங்கத்தை ஸ்காபரோவில் தெரியாத தமிழர் குறைவு. பெரிய ஆள் என்பதால் அல்ல, வாய் பெரிது. ஒஷாவாவில் ஒரு தளபாடக் களஞ்சியத்தில் வேலை. கார் நிறுத்துகிற கோட்டை அடுத்தவன் ஒரு விரற்கடை தாண்டினாலும் இறங்கிப்போய் நியாயம் கேட்பார். நான் காருக்குள் இருந்து தலையைக் குனிந்துகொள்வேன்.

இப்படிப்பட்டவர் ஊரில் சொந்தத் தம்பியோடு வேலி வழக்காடாமல் இருந்தால்தான் அதிசயம். தகப்பன் விட்ட வளவைப் பிரித்தபோது தன் பங்கு ஒரு முழம் குறைகிறது, அண்ணன் வேலியைத் தள்ளி அரக்கிவிட்டார் என்று தம்பி இரத்தினவேல் கோட்டுக்குப் போனார். அயலவர் அமிர்தநாதர் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொன்னார். இரண்டு பேரும் அவர் வீட்டில்தான் தேத்தண்ணி குடித்தார்கள். தீர்ப்பு வருமுன் நாட்டில் சண்டை வந்து, நீதிமன்றத்தையே பூட்டிவிட்டார்கள். காணி அங்கே கிடக்க, கோபத்தை மட்டும் இரண்டு பேரும் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரத்தினவேல் இங்கே பக்கத்தில் பிறம்ரனில் இருந்தும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு கோடையில், பயத்தம் பணியாரம் போட்டுவைக்க நல்ல தகர டின் ஒன்று பார்த்து வாங்கிவரச் சொன்னேன். வேலை முடிந்து வரும் வழியில், வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் வாங்கி வந்தார். திறந்தால், உள்ளே நிறையப் பழைய பேஸ்போல் அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு விளையாட்டுக்காரனின் படம். டின் அன்றிலிருந்து என் கைக்கு வரவில்லை.

பேஸ்போலில் எங்கள் இரண்டு பேருக்கும் அரிச்சுவடியும் தெரியாது. ஆனால் இவர் ஆட்களைப் பார்க்கவில்லை. ஒருவரின் தொப்பியில் தலைமயிர் போல ஒரு சிவப்புக் கீறல் ஓடி, ஓரத்தில் அறுந்து நின்றது. இன்னொருவரின் தோளில் அதே உயரத்தில் அதே கீறல் தொடங்கியது. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கீறல் பிசகாமல் தொடர்ந்தது.

"ரதி, உவை ரெண்டு பேரும் அயலட்டை," என்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு, அட்டை சேர்ப்பவர்கள் ஒரு தேவாலயத்து மண்டபத்தில் கூடுவார்கள். அதை நடத்தியவர் றொபேட் என்ற வெள்ளைக்காரர், அட்டை வியாபாரி. இவர் அங்கே போய் விசாரித்துக்கொண்டு வந்தார். அட்டைகளைத் தனித்தனியாக அடிப்பதில்லையாம். பாய் போலப் பெரிய தாளில் எல்லாரையும் ஒன்றாக அடித்து, தாள்களை அடுக்கி, ஒரே கத்தியால் வெட்டுவார்களாம். அச்சுத் தகட்டில் ஒரு கீறல் விழுந்தால் அது பல பேரின் மேலாலும் ஓடும். அதைப் பிடித்துக்கொண்டே போனால், அறுபடுமுன் அந்தத் தாள் எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கலாம்.

போதாதா! சாப்பாட்டு மேசை போயிற்று. நாங்கள் சோபாவில் இருந்து மடியில் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம். இவர் காணி உறுதி எழுதும் நொத்தாரிசு மாதிரி மேசையைச் சுற்றி நடந்து சத்தமாக எல்லை சொல்வார். "வடக்கு எல்லை பல்லர். மேற்கு எல்லை காதர். தெற்கு எல்லை தொப்பியில்லாதவர்." ஆங்கிலப் பெயர்கள் வாயில் வராததால் எல்லாருக்கும் பட்டம் தெளித்துவிட்டார். நாய்க்கு வேலையும் இல்லை, இருக்க நேரமும் இல்லை என்று நான் கத்தினேன். அது அவருடைய காதில் ஏறவில்லை.

அவருக்கு மிகவும் பிடித்தவர் சோகத்தார். செத்தவீட்டுக்கு வந்தது போன்ற முகம், நீலப் பின்னணி, தோளில் மட்டை. அந்த அட்டையை அடுத்த வசந்தத்தில் மண்டபத்து மேசையில் பெருமையாக வைத்தார். விற்க அல்ல, காட்ட. றொபேட் வந்து அளவுகோலை வைத்தார். வலப்பக்கம் ஒரு நெல்லளவு குறைகிறது, மட்டையின் நுனியையும் காணவில்லை. மழுங்கிய மூலைகளைக் கூராகக் காட்டச் சிலர் ஓரத்தை வெட்டுவார்கள், இது வெட்டின அட்டை, வெட்டுகிறவர்களுக்கு என் மண்டபத்தில் மேசை இல்லை என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தும் கழற்றாமல் இருந்தார்.

"என்னை எல்லை வெட்டினவன் எண்டிட்டான், ரதி."

எந்தச் சொல்லுக்காக இந்த மனுசன் ஊரில் கோடேறினாரோ, அந்தச் சொல் கடல் தாண்டியும் வந்து குந்திவிட்டதே!

எங்கள் ஆட்களிடையே ஒரு கதை பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? அந்தக் கோடையில் ஒரு கலியாணவீட்டில் பந்தி நடக்கும்போது, பின் வரிசையில் இருந்து இரத்தினவேல் சொல்வது கேட்டது. "அண்ணை அங்கை வேலியை அரக்கினவர், இங்கை படத்தை நறுக்கிறார்." நாலு பேர் சிரித்தார்கள். இவர் இலையைப் பார்த்தபடி இருந்தார். வாய் பெரிய மனுசன் வாய் திறக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கண்கடை தெரியாத கோபம் வந்தது. எழும்பிப் போய் இரத்தினவேலின் முன்னால் நின்றேன்.

"நொவெம்பரிலை அட்டைக்காரரின்ரை வருசக் கண்காட்சி வருது, தம்பி. வாரும். ஆர் நறுக்கினதெண்டு அங்கை காட்டிறம்."

"வாறன், மச்சாள். பாப்பம்," என்றார் அவர்.

காரில் வரும்போது இவர் மெல்ல, காட்டுறதுக்கு எங்களிட்டை என்ன கிடக்கு என்று கேட்டார். ஒன்றும் இல்லைத்தான். ஆனால் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. "காணி குறைஞ்சால் அது ஆவியாப் போகாது. பக்கத்து வளவிலைதான் கிடக்கும்." வீட்டில் யாராவது நறுக்கியிருந்தால் அந்தத் துண்டு குப்பைக்குப் போயிருக்கும். அச்சகத்துக் கத்தியே தள்ளி விழுந்திருந்தால், சோகத்தாரின் கிழக்கே இருந்தவரின் அட்டையில் அது ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த அடுக்கில் வெட்டுப்பட்ட எல்லாத் தாளிலும் அப்படியே இருக்கும். ஆக, இடது ஓரத்தில் மட்டை நுனியும், சோகத்தாரின் காது உயரத்தில் சிவப்புக் கீறலும் உள்ள ஓர் ஆள் வேண்டும். முகம் தெரியாது, பெயர் தெரியாது. நான் அவருக்கு வராத மாப்பிள்ளை என்று பட்டம் வைத்தேன்.

அதற்குப் பிறகு நானும் சத்தம் போடவில்லை. அட்டைக் கடை எங்கே கண்டாலும் நானே முதலில் இறங்கினேன். மேசையில் தாள் வளர்ந்துகொண்டே போனது, ஒரேயோர் இடம் மட்டும் வெறுமையாகவே கிடந்தது. எங்கள் நகரத்துப் பேஸ்போல் அணி புளூ ஜேய்ஸ் இரண்டாம் முறையும் வென்று நகரமே கூத்தாடிய இரவில், நாங்கள் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

கண்காட்சி நாளும் வந்தது. மேசை தரமாட்டார்கள் என்று தெரியும். ரிக்கெற் எடுத்துப் பார்வையாளராகப் போனோம். இவர் அட்டைகளைப் பலகையில் அடுக்கி, மேலே கண்ணாடி போட்டு, கோப்பிக் கடைக்குப் பக்கத்தில் இரண்டு கதிரைகளின் மேல் வைத்தார். கீறல் ஒருவரிலிருந்து ஒருவருக்கு ஓடுவதைப் பார்க்கச் சனம் கூடிவிட்டது. இரத்தினவேலும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். றொபேட் வந்து, நல்ல வேலைதான், ஆனால் ஓட்டையைக் காட்டி இதற்குள் சாட்சி இருக்கிறது என்று யாரும் சொல்லலாமே என்றார். அவர் கேட்டது நியாயம். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

அங்கே நின்றால் அழுதுவிடுவேன் என்று பயந்து விலகி நடந்தேன். மண்டபத்து மூலையில் பழுதான அட்டைகளை உறைகளோடு ஒரு பெட்டியில் கொட்டி, எது எடுத்தாலும் ஒரு டொலர் என்று எழுதியிருந்தது. கோபத்துக்குக் கை வேலை கேட்டது. கிண்டினேன். பிள்ளையாரே என்று கிண்டினேன். மஞ்சள் பின்னணியில் ஒரு கொழுத்த மீசைக்காரர் கைக்கு வந்தார். காதுக்குப் பக்கத்தில் சிவப்புக் கீறல். இடது ஓரத்தில் ஒரு நெல்லளவுக்கு நீல நிறம், அதற்குள் மண்ணிறத்தில் ஒரு புள்ளி.

காசைக் கொடுத்துவிட்டு ஓடினேன், அந்த மண்டபத்தில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"இஞ்சருங்கோ, மாப்பிள்ளை வந்திட்டார்!"

இவர் கண்ணாடியைத் தூக்கி, மீசைக்காரரை ஓட்டைக்குள் வைத்து, விரல் நுனியால் மேற்கே தள்ளினார். சோகத்தாரின் காதால் வந்த கீறல் எல்லையைக் கடந்து மீசைக்காரரின் காதுக்குப் போனது. மண்ணிறப் புள்ளி மட்டையில் போய்ச் சேர்ந்து நுனியானது.

றொபேட் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் குனிந்து நின்றார். பிறகு இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். நான் அட்டையின் உறையைத் திருப்பி, விலைச் சீட்டில் இருந்த அவருடைய கடைப் பெயரைக் காட்டினேன். மனுசனின் முகம் சிவந்தது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஆம்பிளை. ஒலிவாங்கியை எடுத்து முழு மண்டபத்துக்கும் கேட்கச் சொன்னார்: "இவர் வெட்டவில்லை. காணாமற்போன துண்டு என்னிடம்தான் இருந்தது. பிழை என்னுடையது." சனம் கை தட்டியது. நான் விம்மி விம்மி அழுதேன். எனக்கென்ன வெட்கம்?

கை தட்டாமல் நின்றவர் இரத்தினவேல் மட்டும்தான். பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணை, நான் உங்கடை பக்கத்து மேற்கு வேலியை மட்டும்தான் அளந்தனான்," என்றார்.

இவர் திரும்பிப் பார்த்தார். "உன்ரை கிழக்கு எல்லை ஆரடா?"

இரத்தினவேல் மீசைக்காரரின் மேல் விரலை வைத்துச் சொன்னார்.

"அமிர்தநாதர்."

இரண்டு பக்கத்துக்கும் சாட்சி சொல்லி, தேத்தண்ணியும் தந்த அதே அயலவர்! முதலில் சிரித்தது இவர்தான். பிறகு தம்பி. அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். என்ன பகிடி என்று றொபேட் கேட்டார். ஒரு பழைய வழக்குக்கு இன்றைக்குத் தீர்ப்பு வந்தது என்று சொன்னேன்.

அடுத்த வருடக் கண்காட்சியில் வாசலுக்கு நேரே இவருக்கு மேசை. டின் வெறுமையாகக் கிடந்ததால் ஒருவழியாக அது என் கைக்கு வந்தது. நிறையப் பயத்தம் பணியாரம் சுட்டுப் போட்டு இரத்தினவேலிடம் கொடுத்து விட்டேன். அவர் ஞாயிறுதோறும் வந்து சாப்பிட்டுப் போகிறார், டின்னை மட்டும் இன்னும் திருப்பித் தரவில்லை. அதற்கு ஒரு வழக்குப் போடுவோமா என்று இவர் கேட்கிறார்.