ரேடியேட்டருக்கு ஒரு மாலை

சாமந்திப்பூ வேகும் வாசனை உங்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, எனக்குத் தெரியும். கொஞ்சம் துரு, கொஞ்சம் சூடான ரப்பர், கொஞ்சம் கோவில் பிரகாரம் எல்லாம் கலந்தது அது. ஒரு நவமி நடுப்பகலில், துர்கா பூஜைக் கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டிருந்த கொல்கத்தா பவானிபூரில், எங்கள் காரின் மூக்கிலிருந்து அந்த வாசனை கிளம்பியபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். ராஜி அத்தையின் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது அந்தக் காரை நம்பித்தான் இருந்தது.

அப்பா வங்கி அதிகாரி. லேக் கார்டன்ஸில் வாடகை வீடு. ஏற்கெனவே பல கைகள் மாறி வந்திருந்த ஒரு வெள்ளைக் காரை அவர் வாங்கியதிலிருந்து எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் டாக்குரியா ரயில் பாதையை ஒட்டியிருந்த பாதல்-தாவின் ஒர்க்‌ஷாப்பில்தான் கழிந்தன. வங்காளிகளுக்குத் 'தா' என்றால் அண்ணன். பாதல்-தா அந்த ஒரு ரகக் காரை மட்டுமே பார்ப்பார். வேறு வண்டியோடு போனால் பல் வைத்தியரிடம் முழங்காலைக் காட்டியது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஞாயிறு காலையில் அவர் ஸ்பானரைத் தொடுவதில்லை. அன்றைக்குக் கேள்விகளுக்குப் பதில் மட்டும்தான். கார்க்காரர்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, மண் குவளையில் டீ குடித்துக்கொண்டே தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள்.

மாலையில் ஹோமியோபதி மாத்திரையும் கொடுக்கிறவர் என்பதால் பாதல்-தா காரையும் அதே முறையில்தான் விசாரிப்பார். பானெட்டைத் திறக்கவே மாட்டார். காலையில் ஸ்டார்ட் ஆவதில்லை என்றால், "எல்லாக் காலையிலுமா, மழைக்கு மறுநாள் மட்டுமா?" என்பார். புகை வருகிறது என்றால் என்ன நிறம் என்பார். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், வெள்ளை நிற்காமல் வந்தால் தண்ணீர் போகக்கூடாத இடத்துக்குப் போகிறது. வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்று ஒருவர் முறையிட்டபோது, "முதலில் டயரில் காற்றைப் பாருங்கள், பிறகு என்னைப் பாருங்கள்" என்றார். தன் பதிலைத் தானே ரசித்துத் தலையாட்டிக்கொள்ளும் பழக்கமும் அவருக்கு உண்டு. அடக்கம் என்பது அந்த ஒர்க்‌ஷாப்பில் ஸ்டாக் இல்லாத ஒரே பொருள்.

இப்படியிருக்கும்போதுதான் அத்தைக்கு வரன் வந்தது. அப்பாவின் தங்கையான ராஜி அத்தை எங்களோடு இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்துவந்தாள். மாப்பிள்ளைக்குக் கொல்கத்தாவிலேயே வேலை. லேக் மார்க்கெட் டிபன் கடை ஒன்றில் இருவரும் பார்த்து, பேசி, மனசுக்குள் முடிவே செய்துவிட்டார்கள். பெரியவர்கள் முடிவு செய்வதுதான் பாக்கி. பையனின் அப்பாவும் அம்மாவும் நவமியன்று ஜாம்ஷெட்பூரிலிருந்து ரயிலில் வந்து, எங்கள் தெருவிலேயே ஒரு உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் விஜயதசமியில் பெண் பார்ப்பதாக ஏற்பாடு. ஹௌரா ஸ்டேஷனிலிருந்து அவர்களைக் காரில் அழைத்து வருவது அப்பாவின் பொறுப்பு. சிக்கல் என்னவென்றால், அந்த மாமிக்குச் சகுனம் என்றால் உயிர். இதற்கு முன் ஒரு பெண் வீட்டுக்குப் போகும்போது வழியில் ரிக்‌ஷாவின் செயின் கழன்றதாம். மாமி இறங்கி, அப்படியே திரும்பி நடந்துவிட்டாளாம். பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அப்பா அடுத்த ஞாயிறே பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "ஹௌராவிலிருந்து லேக் கார்டன்ஸ் வரைக்கும் வண்டி நிற்கக் கூடாது. என்ன செய்யணும்?" பாதல்-தா கண்ணை மூடி யோசித்தார். ஃபேன் பெல்ட்டை மாற்றச் சொன்னார், ரேடியேட்டரைக் கழுவச் சொன்னார், பிளக்கைத் துடைக்கச் சொன்னார். "தண்ணீர் இருக்கணும், காற்று போகணும், அவ்வளவுதான் ராமன் பாபு. சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும்."

"நிற்கவே கூடாது என்கிறேன், நீங்கள் நிறுத்தச் சொல்கிறீர்களே!"

"அப்படியானால் சம்பந்தியை டிராமில் கூட்டி வாருங்கள்" என்று முடித்துவிட்டார்.

நவமி காலையில் வண்டி பழுதில்லாமல் உறுமியது. ஆனால் அன்றைக்குத்தானே எங்களுக்கு ஆயுத பூஜை! ஊரே பந்தலும் தாக் மேளமுமாக இருக்க, நாங்கள் காருக்குச் சந்தனம் குங்குமம் இட்டோம். லேக் மார்க்கெட்டிலிருந்து வந்த சாமந்தி மாலை பருமனில் என் இடுப்புக்குச் சமம். அம்மா அதைக் காரின் முகப்பில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். போதாது என்று மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் வாழைக்கன்று. "சம்பந்தி வர வண்டி, பளிச்சுனு இருக்க வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே, எங்கேயாவது கம்பி தெரிந்தால் அங்கே ஒரு கொத்துப் பூவைச் செருகினாள். எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டபோது அத்தை ஜன்னலருகே வந்து என் கையைப் பிடித்து, "எங்கயும் நிக்காம வந்துடுங்கோடி" என்றாள். அவள் கை சில்லென்று இருந்தது.

ஹௌராவில் மாமியும் மாமாவும் ஏறிக்கொண்டார்கள். மாமி சிவப்பாக, பெரிய மூக்குத்தியோடு, எதையும் நம்பாத கண்களோடு இருந்தாள். மாமா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், ஏறும்போது காரின் முகப்பை ஒரு தடவை உற்றுப் பார்த்தார். சௌரங்கி வரை எல்லாம் நன்றாகவே போனது. பவானிபூர் வந்ததும் கூட்டத்தில் வண்டி நத்தையாயிற்று, முள் ஏறத் தொடங்கியது, நான் முதலில் சொன்ன வாசனையும் வந்தது. முன்சீட்டில் இருந்த எனக்கு முள் தெரிந்தது, அப்பாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்ப்பதும் தெரிந்தது. நிறுத்தினால் அத்தை கதை முடிந்தது, நிறுத்தாவிட்டால் எஞ்சின் கதை முடிந்தது.

அப்பா சட்டென்று ஒரு பந்தலின் ஓரமாக வண்டியைத் திருப்பி, எஞ்சினை அணைத்தார். திரும்பி, இரு கைகளையும் கூப்பிக்கொண்டு, "மாமி, இந்த அம்பாள் ரொம்ப சக்தி. நவமியன்னிக்கு இவளைச் சேவிக்காம எங்காத்துல யாரும் போறதில்லை" என்றார்.

எங்கள் வீட்டு வழக்கம் அந்த நிமிடத்தில்தான் பிறந்தது. மாமியின் முகம் முதல் தடவையாகச் சற்று இளகியது. நாங்கள் வரிசையில் நின்று, துர்கையை நிதானமாக, மிக நிதானமாகச் சேவித்தோம். மாமி நகரப் பார்த்தபோதெல்லாம் அப்பா சிங்கத்தையும் மகிஷனையும் தனித்தனியாக விளக்கினார். முள் இறங்கியதும் கிளம்பினோம். காளிகாட் தாண்டுவதற்குள் மறுபடி ஏறியது. அங்கே இன்னொரு சக்தியுள்ள அம்பாள் கிடைத்தாள். பிரசாதமாகக் கொடுத்த கிச்சடியை நின்றபடியே சாப்பிட்டோம். "வெங்காயம் போட்டிருக்காளோ?" என்று மாமி கேட்க, இல்லை என்று தெரிந்ததும் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். "பெண்ணாத்துல இவ்வளவு பக்தியா! இந்தக் காலத்துல யார் இப்படி?" என்று மாமாவிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

மூன்றாவது பந்தல் லேக் மார்க்கெட் அருகே. இந்த முறை முகப்பிலிருந்து ஆவியே கிளம்பிவிட்டது. மாமி அதைப் பார்க்காதபடி நான் பாவாடையை விரித்துக்கொண்டு காரின் முன்னால் நின்றேன். மாமா மட்டும் மெதுவாகக் காரைச் சுற்றி வந்தார். வாடி வதங்கிய சாமந்தியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு உரத்த குரலில், "இவ்வளவு பெரிய மாலை வண்டிக்கு எதுக்கு? அம்பாளுக்கே சாத்திடலாமே!" என்று சொல்லி மாலையை உருவி எடுத்தார். தோரணம், செருகிய கொத்துகள், வாழைக்கன்று எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. மாமி பரவசமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அவள் பந்தலுக்குள் போனதும் மாமா அப்பாவின் காதருகே குனிந்தார். "வண்டிக்கு மூக்கை அடைச்சா எப்படி சார் மூச்சு விடும்? அவகிட்ட சொல்லிடாதேங்கோ. எங்க கல்யாணத்துல ஜானவாசக் காரே நடுரோட்டுல நின்னுபோச்சு. சிநேகிதாள்லாம் தள்ளிண்டு வந்தா. முப்பது வருஷமாச்சு, இன்னும் அவளுக்குத் தெரியாது."

மூச்சு கிடைத்த கார் லேக் கார்டன்ஸ் வரை முனகாமல் போனது. பால்கனியில் நின்றிருந்த அத்தை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் சிரித்ததும்தான் உள்ளே ஓடினாள். மறுநாள் மாமி பெண்ணைச் சரியாகக்கூடப் பார்க்காமல், "வழியெல்லாம் அம்பாள் நிறுத்தி நிறுத்தி ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிச்சா, இனிமே நான் என்ன பார்க்கறது?" என்று தட்டை மாற்றிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு அப்பா சொல்லக் கேட்டு பாதல்-தா டீ புரையேறச் சிரித்தார். காருக்கு மாலை போடலாமா என்று யாரும் தன்னிடம் கேட்கவில்லையே என்று வருத்தமும் பட்டார். அன்றுமுதல் பெஞ்சில் உட்கார்ந்த எல்லோருக்கும் கேட்காமலே அந்தப் பதிலைச் சொல்லிவந்தார்: "ஸ்டியரிங்குக்குப் போடு, மூக்குக்குப் போடாதே."

அந்த ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். என் காரைப் பற்றிச் சந்தேகம் வந்தால் போனில் தட்டினால் போதும். பதில் வருகிறது, மழைக்கு மறுநாளா என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மாமி இருந்தவரை ஒவ்வொரு நவமிக்கும் அதே மூன்று பந்தல்களுக்கு அதே வரிசையில் குடும்பத்தோடு, எல்லாம் தெரிந்த அத்தையோடும், போய் வந்தாள், உண்மை தெரியாமலே போயும் சேர்ந்தாள். மாமாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

சென்ற நவமியன்று அத்தையை ஏற்றிக்கொண்டு பவானிபூர் வழியாக வந்தேன். புதுக் கார், குளிர்ந்த காற்று. நேரமாகிவிட்டதே என்று பந்தலைத் தாண்டி ஓட்டினேன். பின்சீட்டிலிருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. "வண்டி சூடாயிடுத்துடி, ஓரமா நிறுத்து" என்றாள் அத்தை.

சூட்டைக் காட்டும் முள்ளே இந்த வண்டியில் கிடையாது. ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தேன்.